மறைந்துவரும் இசைத்தட்டுகளும் நமது கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கம்பனையும் வள்ளுவனையும் பற்றி இம்மேடையில் பேச வல்லார் பலர் நம்மிடையே உளர். நாமோ பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் எழுத்தர் பணிக்குச் சென்றுவிட்டோம். ஆதலின் புலவர் பெருமக்களின் துறையில் காலடி வையாமல், பல ஆண்டுகளாக நாம் ஈடுபட்டுவரும் ஒரு சிறு முயற்சியைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம். அம்முயற்சி பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்தல். இது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணுவர். நம் சம்பளத்தை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

இசைத்தட்டு என்றவுடன் தியாகராஜ பாகவதரின் வெண்கலக் குரலும், எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் இன்குரலும், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் பலருக்கும் நினைவிற்கு வரும். அவற்றைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அவை ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் மறுபிறவி எடுத்து, இன்று கைப்பேசியிலும் குடியேறிவிட்டன. நமது கவலை வேறு வகைத் தட்டுகளைப் பற்றியது. வில்லுப்பாட்டு, தெம்மாங்கு, கும்மி, காவடிச்சிந்து, லாவணி, நாடகமேடைத் தர்க்கப்பாட்டு, நையாண்டி மேளம் என நாட்டுப்புறத்து மக்கள் கேட்டு மகிழ்ந்தவை அவை. ஒருமுறை அச்சாகி, ஓராண்டோ ஈராண்டோ விற்று, பின்னர்க் கம்பெனியின் விலைப்பட்டியலிலிருந்தே நீங்கிப் போனவை. பாடியவர் பெயரைச் சொன்னால் ‘யார் அவர்?' என்று நீங்கள் கேட்பீர்கள். அப்படிக் கேட்கும் நிலை வந்துவிட்டதனால்தான் அவற்றைத் தேடுகின்றோம்.

இடையே ஒரு சொல். மேற்கூறியவற்றுள் லாவணி என்பது நாம் குடியேறியுள்ள இம்மராட்டிய மண்ணின் சரக்கு. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி ஏற்பட்ட பின்னர் அது காவிரிக் கரையில் வேரூன்றித் தமிழில் பாடப்பெற்றது. நாம் பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வருவதற்கு முன்பே இவ்வூர்ப் பாட்டு நம்மூருக்கு வந்துவிட்டது என்று அறியும்போது உள்ளம் மகிழ்கின்றது.

இந்நாட்டில் இசைத்தட்டுப் பதிவு முறையாகத் தொடங்கியது 1902-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கல்கத்தா நகரில். லண்டனிலிருந்து கிராமபோன் கம்பெனியார் அனுப்பிய கெய்ஸ்பெர்க் என்பார், கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பதிந்தவை கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்று, அங்கே தட்டுகளாக அச்சாகி, மீண்டும் கப்பலேறி இங்கே விற்பனைக்கு வந்தன. அங்குள்ள தொழிலாளிக்கு நம் மொழி தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று அவர் அறிய வேண்டி, பாடி முடித்தவுடன் பாடகியே தம் பெயரை உரக்கச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை அமைந்த பிறகு இக்கப்பற் பயணம் நின்றது. ஆயினும் பெயர் சொல்லும் வழக்கம் சில காலம் தொடர்ந்தது. அவ்வழக்கம் நின்றிராமல் நிலைத்திருந்தால் நம் போன்றோருக்கு எவ்வளவு நன்மையாக இருந்திருக்கும் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

தமிழ்நாட்டுக் குரல்களும் அந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே தட்டேறின. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர்த் தாயி ஆகிய அம்மையார்கள் அக்காலத்தில் புகழ்பெற்று விளங்கினர். 1920-களின் பிற்பகுதியிலும் 1930-களிலும் தான் இத்தொழில் பட்டிதொட்டிகளை எட்டியது. ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ், கொலம்பியா, ஓடியன், பிராட்காஸ்ட் எனப் பல கம்பெனிகள் போட்டியிட்டன. பின்னாளில் படமுதலாளியாகப் பெரும்பெயர் எடுத்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் அவர்களும் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டு வாணிகத்தில் தொடங்கியவரே. போட்டி மிகுந்தபோது கம்பெனிக்காரர்கள் சபைகளை விட்டு நாடகக் கொட்டகைகளை நாடினர்.

நாடகமேடையின் மன்னராக விளங்கியவர் செங்கோட்டை கிட்டப்பா. 1906-இல் பிறந்து 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதிலேயே மறைந்த அவருடைய குரல் நமக்குக் கிடைப்பது தட்டுகளின் வாயிலாகவே. அவர்தம் துணைவியார் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரைப் பற்றி ரயில்வேக்காரர்கள் பெருமையுடன் கூறும் ஒரு செய்தி உண்டு. வறுமையுற்ற இளமையில் அவர் ஓடும் ரயிலில் பாடிக் காசு பெற்றார் என்றும், அதனைக் கேட்ட தென்னிந்திய ரயில்வே அதிகாரியும் நாடக அன்பருமான எப். ஜி. நடேச ஐயர் அவரை மேடைக்கு ஆற்றுப்படுத்தினார் என்றும் கூறுவர். வேறு விதமாகக் கூறுவாரும் உளர். நாம் எந்தக் கூற்றை நம்புவோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை!

நாட்டுப்புற இசைக்கும் தட்டிற்கும் நடந்த ஒரு போராட்டத்தைச் சற்றே விரித்துக் கூற விரும்புகின்றோம். அக்காலத்துப் பத்து அங்குலத் தட்டு நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட இயலும். நெல்லைச் சீமையிலும் குமரி மாவட்டத்திலும் அம்மன் கொடைக்கு வில்லடிப்பவர் இரவு உணவுக்குப் பின் தொடங்கினால் விடியும் வரை கதை சொல்வார். பின்பாட்டுக்காரர் ஆமாம் போடுவதற்கும், உடுக்கை ஏறி இறங்குவதற்கும், கூட்டத்தில் உள்ள பெண்டிர் கண்ணீர் துடைப்பதற்கும் அதில் இடம் உண்டு. அதே கலைஞரை ஓர் அறையில் அமர்த்தி, குழாயின் முன்போ ஒலிவாங்கியின் முன்போ நிறுத்தி, ‘மூன்று நிமிடத்தில் முடியும்' என்றால் அவர் என்ன செய்வார்?

இதற்கு விடை தட்டுகளிலேயே கிடைக்கிறது. சிலர் காப்புச் செய்யுளைப் பாடுவதற்குள்ளேயே தட்டு முடிந்துவிடுகின்றது. மறுபக்கம் திருப்பினால் கதை நடுவிலிருந்து தொடங்குகின்றது. சிலர் ஓட்டமாக ஓடுகின்றனர். அவர்தம் தாளம் கோயில் வாசலில் கேட்கும் தாளத்தைக் காட்டிலும் விரைவாக உள்ளது. வேறு சிலரோ கதையை விட்டுவிட்டு, கதையின் உச்சத்தில் வரும் ஒரேயொரு ஒப்பாரியை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாடியிருக்கின்றனர். இவ்வாறு எதை விடுவது, எதை வைப்பது என்று தாமே தேர்ந்தெடுத்தவர்களே சிறந்த கலைஞர்கள் என்பது நம் துணிபு. எழுதப் படிக்கத் தெரியாதவராகவும் இருந்திருக்கக்கூடிய ஒரு நாட்டுப்புறப் பாடகர், ஓர் இரவை மூன்று நிமிடத்தில் அடக்கிய அந்த அறிவைப் பாராட்ட நம்மிடம் ஒரு வரி எழுத்துகூட இல்லை. தட்டு ஒன்றே சான்று. தட்டு போனால் சான்றும் போயிற்று.

அவை ஏன் மறைந்தன? காரணம் சூழ்ச்சியன்று, வாணிகமே. ஒலிநாடாவும் குறுந்தகடும் வந்தபோது கம்பெனிகள் எது விற்குமோ அதனை மட்டும் மறுபதிப்புச் செய்தன. திரைப்பாட்டு விற்றது, கருநாடக இசை விற்றது, பக்திப் பாட்டு விற்றது. பெயர் தெரியாதவர் பாடிய கும்மியை வாங்க யார் வருவார்? ஒருமுறை பாடியதற்கு ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பிய கலைஞர் வழக்காடவும் இல்லை, கடிதம் எழுதவும் இல்லை.

இந்நகரத்திலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. பம்பாயில் நேஷனல் கிராமபோன் ரெகார்ட் கம்பெனி என்று ஒன்று இருந்தது. ‘யங் இந்தியா' என்னும் முத்திரையுடன் 1935 முதல் 1955 வரை ஆயிரக்கணக்கான தட்டுகளை அது வெளியிட்டது. அவற்றில் பாடியவர்களுள் பலர் முதன்முறை பாட வந்த எளியவர்கள். கம்பெனி மூடியதும் அத்தட்டுகளை மறுபதிப்புச் செய்ய உரியவர் எவரும் இல்லாமற் போயிற்று. அவற்றைத் தேடியெடுத்து எண்முறை ஒலியாக மாற்றும் பணியைப் பிற்காலத்தில் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் செய்தவர்கள் அரசாங்கத்தாரும் அல்லர், செல்வந்தரும் அல்லர். இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் என்று 1990-இல் இதே மும்பையில் சில அன்பர்கள் தொடங்கிய அமைப்பைச் சார்ந்தோரே. அதன் செயலாளர் சுரேஷ் சந்த்வன்கர் அவர்கள் இசைத் துறையினர் அல்லர், டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் இயற்பியல் அறிஞராகப் பணியாற்றியவர். ‘தி ரெகார்ட் நியூஸ்' என்னும் அவர்களது இதழைப் படித்த பிறகே, தட்டைச் சேர்ப்பது வேறு, தட்டை அறிவது வேறு என்பது நமக்கு விளங்கியது. தமிழ்நாட்டில் வி. ஏ. கே. ரங்கராவ் அவர்கள் தனியொருவராகச் சேர்த்த தட்டுக் களஞ்சியமும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தாரின் தொண்டும் இவ்வழியிற் குறிப்பிடத்தக்கவை. ஆயின் இவர்கள் எவரும் தாராவியின் பரண்களில் ஏறிப் பார்க்க வர இயலாது. அது நம் வேலை.

அமெரிக்க நாட்டில் நடந்ததை இங்கே ஒப்பிட்டுக் காணுதல் நலம். அங்கும் மலைப்புறத்து உழவரின் பாட்டை நகரத்தார் இகழ்ந்தனர். 1927-ஆம் ஆண்டு கோடையில் ரால்ப் பியர் என்னும் கம்பெனிக்காரர் பிரிஸ்டல் என்னும் சிற்றூருக்குச் சென்று, ஒரு தொப்பிக் கம்பெனியின் கட்டடத்தில் பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, பாட வருவோர் வரலாம் என்று அறிவித்தார். மலையிலிருந்து இறங்கிவந்து பாடியவர்களுள் கார்ட்டர் குடும்பத்தினர் இருந்தனர், ஜிம்மி ரோட்ஜர்ஸ் இருந்தார். இன்று ‘கன்ட்ரி' இசை என்று உலகெங்கும் வழங்கும் இசையின் பெருங்கால் அங்கே ஊன்றப்பட்டது. அந்த ரோட்ஜர்ஸ் ரயில்வேயில் பிரேக்ஸ்மேன் வேலை பார்த்தவர் என்பதைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. காசநோயால் அவர் மறைந்ததும் கிட்டப்பா மறைந்த அதே 1933-ஆம் ஆண்டில்தான்.

அங்கும் பல தட்டுகள் மறக்கப்பட்டன. போர்க் காலத்தில் அரக்குத் தட்டுப்பாடு வந்தபோது பழைய தட்டுகளை உருக்கினர். அவ்வேளையில் ஹாரி ஸ்மித் என்னும் இளைஞர் அவற்றை விலைக்கு வாங்கிச் சேர்த்து, 1952-இல் அவற்றினின்று 84 பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். அத்தொகுப்பில் மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்னும் கறுப்பினப் பாடகரின் பாடல்களும் இருந்தன. 1928-இல் பதிவு செய்துவிட்டுப் போனவர், இருக்கிறாரா இல்லையா என்பது எவருக்கும் தெரியாது. அவர் பாடிய மற்றொரு தட்டில் ஆவலான் என்னும் தம் ஊர்ப்பெயரைப் பாட்டிலேயே சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 1963-இல் தேடிச் சென்ற இசையன்பர் ஒருவர், வயல்வேலை செய்துகொண்டிருந்த முதியவரை அவ்வூரிலேயே கண்டார். அவ்வாண்டே பெரும் இசை விழாவொன்றில் ஆயிரக்கணக்கானோர் முன் அவர் பாடினார். 1966-இல் மறையும் வரை மூன்றாண்டுக் காலம் தம் புகழைத் தம் காதாலேயே கேட்டார். அன்பர்களே, ஒரு தட்டு, தட்டில் ஓர் ஊர்ப்பெயர், அதைக் காது கொடுத்துக் கேட்ட ஒருவர், இவ்வளவே வேண்டியிருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

தாராவிக்கு நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகப் பணிக்கு வந்தவர்களும் தத்தமக்குரிய இசையைத் தம்முடன் கொண்டுவந்தனர். மாட்டுங்காவில் பஜனையும் கச்சேரியும் தழைத்தன. 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபையின் வரலாறு அனைவரும் அறிந்ததே. தாராவியின் இசை வரலாற்றை எழுதுவாரில்லை. அங்கே இசையை வளர்த்தவர் மைக்செட்டுக்காரர். திருமணம், பூப்பு நீராட்டு, அம்மன் கொடை, தேர்தல் என எதுவாயினும் தகரக் குழாயைக் கம்பத்தில் கட்டித் தட்டை ஓடவிடுவார். காலையில் பக்திப் பாட்டு, நடுப்பகலில் ‘திருவிளையாடல்' அல்லது ‘வீரபாண்டிய கட்டபொம்மன்' கதைவசனத் தட்டு, மாலையில் திரைப்பாட்டு என்பது எழுதாத சட்டம். முகம்மதிய அன்பர் இல்லமாயின் நாகூர் ஈ. எம். ஹனிபா அவர்களின் முழக்கம், கிறித்தவ அன்பர் இல்லமாயின் கீர்த்தனை. இவற்றிற்கு இடையே, ஊரிலிருந்து வாங்கிவந்த வில்லுப்பாட்டுத் தட்டு ஒன்றிரண்டையும் அவர் வைத்திருப்பார். பெரியவர்கள் கேட்டால் எடுத்துப் போடுவார்.

அரக்குத் தட்டின் காலம் நம் நாட்டில் நீண்டது. அமெரிக்காவில் 1948-இலேயே வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான நெடுந்தட்டு வந்துவிட்டது. இங்கோ 1960-களிலும் அரக்குத் தட்டு அச்சாகியது. சிற்றூர்களில் மின்சாரம் இல்லை, சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிகளே இருந்தன என்பது காரணம். ஆங்கில நாட்டு பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகளையே 78 சுற்றுத் தட்டில் அச்சிட்ட நாடு இது. பின்னர் 45 சுற்றுச் சிறுதட்டும் 33⅓ சுற்று நெடுந்தட்டும் பரவின. 1980-களில் ஒலிநாடா வந்து அனைத்தையும் பரணில் ஏற்றிவிட்டது. காலா கோடாவில் பெயர்பெற்று விளங்கிய ரிதம் ஹவுஸ் என்னும் கடையும் 2016-இல் மூடப்பட்டது.

நாம் தேடும் இடங்கள் மூன்று. ஒன்று சோர் பஜார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் இந்திப் படத் தட்டு விலையேறி நிற்கும். தமிழ்த் தட்டின் எழுத்தைக் கடைக்காரரால் படிக்க இயலாமையால், பாகவதரும் ஒரு விலை, பெயரற்ற தெம்மாங்கும் அதே விலை. நமக்கு இது ஆதாயமே. ஆயின் அண்மைக் காலமாகத் தட்டை வெட்டிச் சுவர்க்கடிகாரம் செய்து விற்கும் ஒரு கலை(!) பரவியுள்ளது. அதற்கு வாங்குவோர் முத்திரையின் நிறத்தை மட்டுமே பார்க்கின்றனர். இரண்டு, ஊர்ப்பயணம். ரயில்வே பாஸ் தந்த நன்மையால் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் சென்று, பழைய மைக்செட்டுக்காரர்களின் வீடுகளைத் தேடியிருக்கின்றோம். தட்டுகளை வேட்டியில் சுற்றி, செங்குத்தாக நிறுத்தி, மடியிலேயே வைத்துக்கொண்டு வர வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் என்னவாகும் என்பது பார்சல் அலுவலகத்தில் பணிபுரிந்தோர்க்கு நன்கு தெரியும்.

மூன்றாவது தாராவிப் பரண்கள். இதனைக் கூறவே இன்று முதன்மையாக வந்தோம். மறுசீரமைப்புத் திட்டத்திற்காக 2024-ஆம் ஆண்டில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. திட்டம் நன்றா தீதா என்பது இம்மேடைக்குரிய பொருளன்று. வீட்டைக் காலி செய்யும் நிலை வரலாம் என்ற எண்ணம் தோன்றியவுடன் மக்கள் முதலில் காலி செய்வது பரணை. பரணிலிருந்து இறங்குவது பங்கார் கடைக்குப் போகின்றது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய அரக்குத் தட்டைப் பங்கார்க்காரர் வாங்கமாட்டார், அதற்கு மறுபயன் இல்லை. அது குப்பைக்குப் போகும். வினைல் தட்டு பிளாஸ்டிக் இனமாதலால் எடைக்கு எடுத்துக்கொள்வார். அது அரவை இயந்திரத்திற்குப் போகும். உலகமே வியக்கும் தாராவியின் மறுசுழற்சித் தொழில் ஒரு பிளாஸ்டிக் துண்டையும் வீணாக்குவதில்லை. வில்லுப்பாட்டையும் அவ்வாறே சில்லாக்கிக் குழாய் செய்துவிடும்.

சென்ற ஆண்டு தொண்ணூறு அடிச் சாலைக்கு அருகில், காலஞ்சென்ற ஒரு மைக்செட்டுக்காரரின் இல்லத்தில் பரண் இறக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. நாம் போய்ச் சேர்ந்தபோது பெரும்பகுதி எடைக்குப் போய் ஒரு திங்களாகியிருந்தது. அவருடைய துணைவியார் மனம் கேளாமல் ஒரு தகரப் பெட்டியை மட்டும் கொடாமல் வைத்திருந்தார். “இதிலே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது தம்பி. அவுக கடைசி வரைக்கும் இதை மட்டும் யாரையும் தொட விடலே” என்றார். பெட்டியில் 43 தட்டுகள். அவற்றுள் 31 திரைப்பாட்டு, எங்கும் கிடைப்பவை. எஞ்சிய பன்னிரண்டில் எட்டினை நாம் அதுவரை எந்தப் பட்டியலிலும் கண்டதில்லை. விலை பேசுவதற்கு அம்மையார் இசையவில்லை. பாட்டைக் கேட்க வேண்டும் என்று மட்டும் கூறினார். அவ்வெட்டுப் பாட்டும் இன்று அவருடைய பேரனின் கைப்பேசியில் உள்ளன.

தட்டு வைத்திருப்போர்க்குச் சில குறிப்புகள். அரக்குத் தட்டினை ஸ்பிரிட் ஊற்றித் துடைக்க வேண்டாம். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் தச்சர் அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். துடைத்தால் பாட்டும் கரையும். சிறிது சோப்பு கலந்த நீரும் மெல்லிய துணியும் போதும், நடுவிலுள்ள முத்திரைத்தாளில் நீர் படலாகாது. நெடுந்தட்டின் ஊசியால் 78 சுற்றுத் தட்டை ஓட்டக்கூடாது. முன்னதன் முனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது, பின்னதன் பள்ளத்திற்கு மூன்று பங்கு வேண்டும். பழைய சாவிப் பெட்டியின் எஃகு ஊசியோ வினைல் தட்டை ஒரே ஓட்டத்தில் கெடுத்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நூல்களைப் போல நிறுத்தி வைக்க வேண்டும். மும்பை மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்குமாதலால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுதல் தீங்கு.

இவை யாவற்றினும் முதன்மையானது எழுதி வைத்தல். முத்திரையில் உள்ள பெயர், கம்பெனி, எண் ஆகியவற்றோடு, பாட்டு முடிந்து முத்திரைக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் பார்த்து எழுத வேண்டும். தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பதிவு செய்த காலத்தை அறிவதற்கு அதுவே பெரும்பாலும் வழிகாட்டி. இக்காலத்து இளைஞர் பாட்டை இணையத்தில் ஏற்றிவிடுகின்றனர், மகிழ்ச்சி. ஆனால் ‘பழைய கிராமியப் பாட்டு' என்ற தலைப்பைத் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை. பாடியவர் பெயர் தட்டில் இருக்கும்போதே அதனை எழுதாமல் விடுதல் அவரை இரண்டாம் முறை மறப்பதாகும். இதில் நமக்குக் கோபமே உண்டு.

சட்டம் என்ன கூறும் என்று சிலர் அஞ்சுகின்றனர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கம் முதல் 60 ஆண்டுகள். 1960-இல் வெளியானதற்கு 2020-ஆம் ஆண்டு முடிவோடு உரிமை தீர்ந்தது. பாட்டையும் மெட்டையும் இயற்றியவர்க்குரிய உரிமை தனி, அஃது அவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் நிற்கும். இயற்றியவர் இன்னாரென்றே அறியாத வழிவழிப் பாட்டாயின் சிக்கல் குறைவு. பிற்காலத் தட்டுகளை வீட்டில் வைத்துக் காப்பதற்கும் பட்டியல் எழுதுவதற்கும் எந்தத் தடையும் இல்லை.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். தட்டுகளை எவரும் நமக்குத் தர வேண்டியதில்லை. அவரவர் தட்டு அவரவரிடமே இருக்கட்டும். ஒரு குறிப்பேடு போதும். உறுப்பினர் இல்லங்களில் என்னென்ன தட்டுகள் உள்ளன என்பதைச் சங்க அலுவலகத்தில் ஞாயிறுதோறும் எழுதி வைப்போம். எழுதும் வேலையை நாமே ஏற்கின்றோம், எழுத்தர் பணி நமக்குப் புதிதன்று. தாராவி அன்பர்கள் பரணை இறக்கும் முன்னர் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். ஏணியுடன் வருவோம்.

இறுதியாக, அத்தகரப் பெட்டியில் கிடைத்த ஒரு தட்டினைக் கொண்டுவந்துள்ளோம். 45 சுற்று வினைல் தட்டு. மழைநீரில் முத்திரைத்தாள் ஊறிப் பெயரெல்லாம் அழிந்துவிட்டன. விளிம்பெண் தெரிகின்றது, ஆனால் அவ்வெண்ணுக்குரிய பட்டியல் நமக்கு இதுவரை அகப்படவில்லை. வில்லுப்பாட்டு. பாடுபவர் ஒரு பெண்மணி, வயது முப்பதுக்குள் இருக்கலாம். பின்பாட்டுக்காரர் குரலில் குமரி மாவட்டத்து வாடை வீசுகின்றது. முடிவில் கொடை கொடுத்த ஊராரை வாழ்த்துகின்றார். அவ்விடத்தில் ஊர்ப்பெயர் வருகின்றது. ‘குளம்' என்று முடிகின்றது. அதற்கு முன்னுள்ள இரண்டெழுத்தை உடுக்கை ஒலி மூடிவிட்டது. நாம் நூறு முறைக்கு மேல் கேட்டுப் பார்த்துவிட்டோம், பிடிபடவில்லை. தென்மாவட்டங்களில் குளம் என்று முடியும் ஊர்கள் எத்தனை என்பதை நீங்களே அறிவீர்கள். அவ்வூரார் எவரேனும் இவ்வவையில் இருக்கலாம். அக்குரலை இளமையில் கேட்ட தாய்மார் இருக்கலாம்.

ஊர்ப்பெயர் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் கழித்து வரும். தொண்டர்கள் அருள்கூர்ந்து மின்விசிறிகளைச் சற்று நிறுத்துக. பின்வரிசையில் உள்ள முதியோர் முன்னே வந்து அமர இடம் விடுக. இப்போது தட்டினை ஓடவிடுகின்றோம்.

(இவ்விடத்தில் இசைத்தட்டு இருமுறை ஒலிக்கப்பெற்றது.)